ஐரோப்பாவில் தனியாக ரயில் பயணம்: எந்த பாஸ், எத்தனை நாள்?

முதுகுப்பையோடு ஐரோப்பாவுக்குத் தனியாகக் கிளம்புகிறவர்களில் பலர் முதலில் பல நாட்டு ரயில்களில் செல்லும் பாஸை வாங்கிவிட்டு அப்புறம்தான் ஊர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்த வரிசையில் போனால் பணம் வீண். பாஸ் மலிவு என்பதும் பழைய நினைப்பு. சில பாதைகளில் மலிவு, சில பாதைகளில் தனித்தனி டிக்கெட்டைவிட இரண்டு மடங்கு. பாஸ் தருவது வேறொரு வசதி: காலையில் எழுந்து மனம் மாறினால் வேறு ரயிலில் ஏறலாம். அந்த வசதிக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதைத்தான் கணக்குப் போட வேண்டும்.

யூரெயிலா, இன்டர்ரெயிலா?

இரண்டும் ஒரே ஏற்பாட்டின் இரு பெயர்கள். இரண்டுமே 33 நாடுகளில் செல்லும். ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கு யூரெயில், உள்ளே வசிப்பவர்களுக்கு இன்டர்ரெயில். இங்கே பார்ப்பது வசிப்பிடத்தை, குடியுரிமையை அல்ல. சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ டொராண்டோவிலிருந்தோ வருபவர் யூரெயில் வாங்க வேண்டும். லண்டனிலோ சூரிச்சிலோ குடியிருக்கும் அவருடைய சித்தி மகன் கூட வந்தால், கையில் இந்திய பாஸ்போர்ட் இருந்தாலும் இன்டர்ரெயில்தான் வாங்க வேண்டும். இன்டர்ரெயிலில் ஒரு கட்டுப்பாடு: வசிக்கும் நாட்டுக்குள் வெளியேற ஒரு நாள், திரும்ப ஒரு நாள், அவ்வளவுதான். யூரெயிலில் அது இல்லை.

பாஸ் வகைகள்

எல்லா நாடுகளுக்கும் செல்லும் குளோபல் பாஸ் இரண்டு விதம். ஒன்று, பயண நாள் கணக்கு: ஒரு மாதத்துக்குள் 4, 5 அல்லது 7 நாள், இரண்டு மாதத்துக்குள் 10 அல்லது 15 நாள். மற்றொன்று, தொடர் பாஸ்: 15 நாள், 22 நாள், 1 மாதம், 2 மாதம், 3 மாதம். தொடர் பாஸில் தினமும் ஏறலாம். சும்மா உட்கார்ந்திருக்கும் நாளும் கழிந்துகொண்டே இருக்கும். ஒரே ஊரில் மூன்று நாள் தங்கிப் பார்ப்பவருக்கு இது சரிப்படாது. தினம் ஒரு ஊர் என்று ஓடுபவருக்கு மட்டுமே லாபம்.

பயண நாள் என்றால் நள்ளிரவிலிருந்து அடுத்த நள்ளிரவு வரை. அதற்குள் எத்தனை ரயிலில் வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். வியன்னாவில் காலையில் கிளம்பி, சால்ஸ்பர்க்கில் பையை லாக்கரில் போட்டுவிட்டு ஐந்து மணி நேரம் ஊரைச் சுற்றி, மாலையில் மியூனிக் போய்ச் சேர்ந்தாலும் ஒரே நாள்தான். பாஸிலிருந்து பணத்தைக் கறப்பது இப்படித்தான்.

வயது 12 முதல் 27 வரை இருந்தால் இளையோர் விலை, 25 சதவீதம் குறைவு. 60-க்கு மேல் 10 சதவீதம் குறைவு. வாங்கும் நாளில் என்ன வயது என்பது பொருட்டில்லை, பாஸ் தொடங்கும் நாளில் இருக்கும் வயதுதான் கணக்கு. 28-வது பிறந்தநாள் பயணத்தின் நடுவில் வந்தால் கவலையில்லை. முதல் வகுப்பு வேண்டாம். தனி ஆளுக்கு இரண்டாம் வகுப்பில் எப்படியும் ஓர் இருக்கை கிடைக்கும்.

ஒரே நாட்டைச் சுற்றுவதானால் ஒருநாட்டு பாஸும் உண்டு. பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் மூன்றும் சேர்ந்து பெனெலக்ஸ் பாஸ். சுவிட்சர்லாந்து மட்டும் என்றால் யூரெயிலை விட்டுவிட்டு சுவிஸ் டிராவல் பாஸைப் பாருங்கள். அதில் பேருந்து, படகு, நகர டிராம், நூற்றுக்கணக்கான அருங்காட்சியகங்கள் எல்லாம் அடங்கும். ஜெர்மனியில் வேகம் வேண்டாம், சாதா ரயில் போதும் என்பவருக்கு டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதச் சந்தா இருக்கிறது. 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது, 2025-ல் 58 யூரோவாக இருந்தது. பிராந்திய ரயில், நகரப் பேருந்து, மெட்ரோ எல்லாவற்றிலும் செல்லும். ஐசிஇ போன்ற விரைவு ரயில்களில் செல்லாது. சந்தா என்பதால் மாதத்தின் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதப் பணமும் பிடித்துவிடுவார்கள்.

முதல் வேலை: ஒரு தாளில் பாதை

விமானம் இறங்கும் ஊர், திரும்பும் ஊர், நடுவில் தங்கும் ஊர்கள், ஒவ்வோர் ஊரிலும் எத்தனை இரவு என்று எழுதுங்கள். பாரிஸில் இறங்கி ரோமிலிருந்து திரும்புவதாக ஒரு பாதை: பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், பெர்லின், பிராக், வியன்னா, மியூனிக், சூரிச், வெனிஸ், ஃபிளாரன்ஸ், ரோம். ஊருக்கு ஊர் ஒன்பது தாவல். உடனே 10 நாள் பாஸுக்குக் கை போகும். பொறுங்கள்.

ஒவ்வொரு தாவலுக்கும் எதிரே மூன்று எண்களை எழுதுங்கள். ஒன்று, அதே தேதிக்குத் தனி டிக்கெட் இப்போது என்ன விலை. இரண்டு, பாஸ் இருந்தாலும் சில ரயில்களில் தனியாகக் கட்ட வேண்டிய இருக்கை ரிசர்வேஷனுக்கு எவ்வளவு. மூன்று, எத்தனை மணி நேரம். தனி டிக்கெட் விலையை அந்தந்த நாட்டு ரயில்வேயின் சொந்தத் தளத்தில் பாருங்கள். இடைத்தரகர் தளங்களில் கட்டணம் கூடும்.

பாஸ் விலை அவ்வப்போது ஏறும், தள்ளுபடியில் இறங்கும். கணக்குக்காக 7 நாள் பாஸ் 380 யூரோ, 10 நாள் 450 யூரோ என்று வைத்துக்கொள்வோம். 7 நாள் பாஸில் ஒரு பயண நாளின் அடக்க விலை 54 யூரோ. தனி டிக்கெட் விலையிலிருந்து ரிசர்வேஷன் கட்டணத்தைக் கழித்தால் 54-க்குக் கீழே வருகிற தாவல்களைப் பாஸில் போடக் கூடாது. அவற்றுக்குத் தனி டிக்கெட் எடுங்கள்.

நம் பாதையில் பிராக்–வியன்னா நான்கு மணி நேரம். முன்கூட்டியே எடுத்தால் டிக்கெட் மலிவு. ஃபிளாரன்ஸ்–ரோம் அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம், சாதா ரயிலில் நாலு மணி நேரத்துக்குள். இதற்கு ஒரு பயண நாளைச் செலவழிப்பது வீண். வெனிஸ்–ஃபிளாரன்ஸ் இரண்டு மணி நேரம்தான். மிஞ்சுவது ஆறு தாவல். பாரிஸ்–ஆம்ஸ்டர்டாமுக்கு ரிசர்வேஷன் கட்டணமே கனமானது. அதையும் இரண்டு மூன்று மாதம் முன்பே தனி டிக்கெட்டாக எடுத்துவிட்டால் ஐந்து. பத்து நாள் பாஸ் என்று நினைத்தது 5 நாள் பாஸில் முடிகிறது. தேவைக்கு மேல் நாள் வாங்குவதுதான் புதியவர்கள் செய்யும் மிகப் பொதுவான தவறு. மிஞ்சிய நாளுக்குப் பணம் திரும்ப வராது.

இதில் ஒரு மறுபக்கமும் உண்டு. மலிவு டிக்கெட்டுகள் பெரும்பாலும் குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமே. அதைத் தவறவிட்டால் டிக்கெட் போச்சு. தேதியெல்லாம் இப்போதே உறுதி என்றால் பாஸே வேண்டாம், எல்லாம் தனி டிக்கெட்டாக எடுங்கள். தேதி ஆடிக்கொண்டிருந்தால், அல்லது கிளம்ப மூன்று வாரம்தான் இருக்கிறது, தனி டிக்கெட் விலை ஏறிவிட்டது என்றால் பாஸ் ஜெயிக்கும்.

ரிசர்வேஷன் எனும் கண்ணிவெடி

பாஸ் கையில் இருந்தால் எந்த ரயிலிலும் ஏறலாம் என்ற எண்ணம் நாட்டுக்கு நாடு உடையும். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, பெல்ஜியம், நெதர்லாந்து ஆகிய நாடுகளில் உள்நாட்டு ரயில்களில் பெரும்பாலும் ரிசர்வேஷன் தேவையில்லை. நேராக ஏறி உட்காரலாம். பிரான்சில் டிஜிவி, இத்தாலியில் ஃப்ரெச்சாரோஸா, ஸ்பெயினில் ஆவே ஆகிய அதிவேக ரயில்களுக்குக் கட்டாயம். பிரான்ஸ் உள்நாட்டு டிஜிவிக்கு 10 முதல் 20 யூரோ, இத்தாலியில் 13 யூரோ அளவில். எல்லை தாண்டும் டிஜிவிக்கும் லண்டன்–பாரிஸ் யூரோஸ்டாருக்கும் 30 யூரோவைத் தொடும், தாண்டவும் செய்யும். ஸ்வீடனின் அதிவேக ரயில், போலந்தின் விரைவு ரயில், போர்ச்சுகலின் ஆல்ஃபா பெண்டுலார் எல்லாமே கட்டாயப் பட்டியலில்தான்.

யூரோஸ்டாரிலும் பிரான்சின் எல்லை தாண்டும் டிஜிவியிலும் பாஸ் வைத்திருப்போருக்கென்று ஒதுக்கீடு உண்டு. அது தீர்ந்துவிட்டால் ரயிலில் இடம் காலியாக இருந்தாலும் உங்களுக்கு இல்லை. முழு விலை டிக்கெட்தான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, அதிலும் வெள்ளி, ஞாயிறுகளில், இந்த ஒதுக்கீடு வாரக்கணக்கில் முன்பே காலியாகிவிடும். ஆகவே பாதையில் யூரோஸ்டார் இருந்தால் பாஸ் வாங்குவதற்கு முன்பே அந்தத் தேதிக்குப் பாஸ் இருக்கை இருக்கிறதா என்று பாருங்கள்.

எங்கே எடுப்பது? யூரெயில் தளத்தில் எடுக்கலாம், ஆனால் ரிசர்வேஷன் கட்டணத்துக்கு மேல் சேவைக் கட்டணம் சேரும். யூரோஸ்டார், டிஜிவி போன்றவற்றுக்கு பெல்ஜிய ரயில்வேயின் சர்வதேசத் தளம், நைட்ஜெட் இரவு ரயில்களுக்கும் மத்திய ஐரோப்பிய ரயில்களுக்கும் ஆஸ்திரிய ரயில்வேயின் தளம் நல்ல வழிகள். இத்தாலியில் ரயில் நிலைய இயந்திரத்திலேயே எடுத்துவிடலாம். ஸ்பெயினில் நிலையக் கவுன்டரில் வரிசையில் நிற்க நேரம் ஒதுக்குங்கள்.

ரிசர்வேஷனைத் தவிர்க்கவும் வழி உண்டு, நேரம் இருந்தால். யூரெயிலின் ரெயில் பிளானர் செயலியில் ரிசர்வேஷன் கட்டாயமில்லாத ரயில்களை மட்டும் காட்டச் சொல்லலாம். மிலான்–வெனிஸ் அதிவேக ரயிலில் இரண்டரை மணி நேரம். வெரோனாவில் மாறி பிராந்திய ரயில்களில் போனால் ஏறக்குறைய நாலு மணி நேரம், கூடுதல் காசு ஒன்றுமில்லை. சூரிச்–மிலான் நேரடி ரயிலுக்கு ரிசர்வேஷன் வேண்டும்; எல்லையில் கியாசோவில் இறங்கி உள்ளூர் ரயிலுக்கு மாறினால் வேண்டாம். பாரிஸ்–ஆம்ஸ்டர்டாமைச் சாதா ரயில்களில் ஒப்பேற்றுவது மட்டும் அரை நாளைத் தின்றுவிடும். 13 கிலோ பையோடு நாலு இடத்தில் மாறுவது மிச்சமாகும் காசுக்குத் தகாது.

சூரிச்சிலிருந்து இத்தாலிக்கு இறங்குபவர்கள் ஒரு முழு நாளை ஒதுக்க முடிந்தால் பெர்னினா வழியைத் தேர்ந்தெடுக்கலாம். சூரிச்சிலிருந்து கூர், அங்கிருந்து செயின்ட் மோரிட்ஸ் பக்கம் போய் 2,253 மீட்டர் உயரக் கணவாயைத் தாண்டி, இத்தாலியின் திரானோவில் இறங்கி, மிலானுக்கு வேறு ரயில். கண்ணாடிக் கூரை போட்ட பெர்னினா எக்ஸ்பிரஸுக்கு ரிசர்வேஷன் கட்டாயம். அதே தண்டவாளத்தில் ஓடும் சிவப்பு நிற சாதா ரயிலுக்கு ஒன்றும் வேண்டாம், பழைய பெட்டிகளில் ஜன்னலைத் திறந்து படமும் எடுக்கலாம். புருசியோவில் ரயில் ஒரு முழு வட்டம் அடித்துத் தன் பாலத்துக்கு அடியிலேயே நுழைந்து வெளியே வரும். யுங்ஃபிராவ் போன்ற மலையுச்சி ரயில்களில் பாஸுக்குத் தள்ளுபடி மட்டுமே, இலவசம் கிடையாது.

பாஸ் அறவே செல்லாதவையும் உண்டு: இத்தாலியின் இட்டாலோ, பிரான்சின் மலிவு ரயிலான உய்கோ, ஜெர்மனியின் ஃபிளிக்ஸ்ட்ரெயின், நேப்பிள்ஸிலிருந்து பாம்பெய் போகும் உள்ளூர் ரயில், எல்லா நகர மெட்ரோக்களும். பெர்லினில் எஸ்-பான் எனும் புறநகர் ரயிலில் செல்லும், யு-பான் எனும் மெட்ரோவில் செல்லாது.

இரவு ரயில்

ஒரு இரவு விடுதிக் காசு மிச்சம் என்று இதைத் தேர்ந்தெடுப்பவர்கள் கட்டணத்தை முதலில் பார்க்க வேண்டும். நைட்ஜெட்டில் பாஸ் பயணத்துக்கு மட்டும். உட்காரும் இருக்கை, படுக்கை, தனியறை ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும். படுக்கைக்கு ஆகும் காசில் சில ஊர்களில் விடுதியே கிடைத்துவிடும். உட்காரும் இருக்கை மலிவுதான், ஆனால் மறுநாள் முழுக்கத் தூக்கம் கண்ணைக் கட்டும். தனியாகப் போகும் பெண்களுக்குப் பெண்கள் மட்டும் படுக்கும் பெட்டியறை உண்டு. டிக்கெட் எடுக்கும்போதே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நாள் கணக்கு இப்படி: செவ்வாய் மாலை வியன்னாவில் ஏறி புதன் காலை ரோமில் இறங்கினால் செவ்வாய் மட்டும் செலவு. புதன் அன்று ரோமில் வேறு ரயிலுக்கு மாறினால் புதனும் செலவு. நள்ளிரவு தாண்டி 12.30-க்கு ஏறினால் அது புதிய நாளின் கணக்கில் விழும். ஆகவே இறங்கிய நாளில் பக்கத்து ஊர்ப் பயணம் இருந்தால் அதற்கு மட்டும் உள்ளூர் டிக்கெட் எடுப்பது நல்லது. இத்தாலியில் காகித பிராந்திய டிக்கெட்டை ஏறுவதற்கு முன் நடைமேடையில் உள்ள சிறு இயந்திரத்தில் முத்திரை குத்த மறந்தால் அபராதம்.

வாங்குவதும் செயல்படுத்துவதும்

வாங்கிய நாளிலிருந்து 11 மாதத்துக்குள் பாஸைத் தொடங்கலாம். ஆண்டில் சில முறை வரும் தள்ளுபடிக் காலத்தில் வாங்கி வைத்துக்கொண்டு கோடையில் பயன்படுத்தலாம் என்பது இதன் பொருள். தள்ளுபடிப் பாஸின் ரத்து விதியை மட்டும் வாங்கும்போதே படித்துவிடுங்கள். புதிய இந்திய வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியே இருக்கும். வங்கிச் செயலியில் திறந்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பெயர் நம்மவர்களுக்குத் தனிச் சிக்கல். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே போடுங்கள், இனிஷியலாகச் சுருக்காதீர்கள். "ஆர். கார்த்திக்" என்று பாஸில் இருந்து பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருந்தால் டிக்கெட் பரிசோதகர் புருவத்தை உயர்த்துவார். சர்நேம் கட்டம் காலியாக உள்ள பாஸ்போர்ட் என்றால் கொடுத்த பெயரையே இரண்டு கட்டத்திலும் போடுவது வழக்கம். கடைசிப் பெயராக என்ன போட்டீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள். செயலியில் பாஸைச் சேர்க்கும்போது பாஸ் எண்ணும் கடைசிப் பெயரும்தான் கேட்கும்.

விசா கையில் வரும்வரை பாஸைச் செயல்படுத்தாதீர்கள், அதாவது அது தொடங்கும் நாளைச் செயலியில் குறிக்காதீர்கள். செயல்படுத்தாத பாஸை மாற்றவோ திருப்பிக் கொடுக்கவோ வழி இருக்கும். தொடங்கும் நாள் பிறந்துவிட்டால் இல்லை. செயல்படுத்தி, முதல் நாளுக்கு முந்தின இரவுவரை ரத்து செய்யலாம், அதுவும் மத்திய ஐரோப்பிய நேரப்படி. பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவில் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்க முடியும். மூன்று மாத பாஸ் வாங்குபவர் இதைக் கணக்கில் வைக்க வேண்டும். நடுவில் லண்டன் போய்த் திரும்புவதானால் பிரிட்டன் விசா தனி, ஷெங்கன் விசாவும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை நுழையும் வகையாக இருக்க வேண்டும். ஒருமுறை நுழையும் விசாவோடு லண்டன் போனால் பாரிஸுக்குத் திரும்ப முடியாது, மிச்சப் பாஸ் அப்படியே போகும்.

ஏறும் நாளில்

ரெயில் பிளானர் செயலியில் பயணத்தைத் தேடி, உங்கள் ரயிலைச் சேர்த்து, அதன் பக்கத்தில் இருக்கும் பொத்தானைத் தள்ளினால் அந்த நாளுக்கான டிக்கெட் உருவாகும். இதை ரயில் ஏறுவதற்கு முன் செய்ய வேண்டும். பரிசோதகர் பெட்டிக்குள் வந்த பிறகு அவசரமாகச் சேர்ப்பது டிக்கெட் இல்லாப் பயணம்தான்; அபராதம் சில ரயில்களின் டிக்கெட்டைவிட அதிகம். வழியில் ரயில் மாறினால் மாறிய ரயிலையும் சேர்க்க வேண்டும். நெதர்லாந்தில் நிலையக் கதவுகளே இந்த டிக்கெட்டில் உள்ள குறியீட்டை ஸ்கேன் செய்துதான் திறக்கும். செயலி இணையமில்லாமலும் ஓடும், ஆனால் மூன்று நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தைத் தொட வேண்டும். போன் செத்தால் டிக்கெட் செத்தது, பவர்பேங்க் இல்லாமல் கிளம்ப வேண்டாம். ரிசர்வேஷன் தாள் டிக்கெட் ஆகாது, பாஸ் ரிசர்வேஷன் ஆகாது. இரண்டும், கூடவே பாஸ்போர்ட்டும் கையில் வேண்டும்.

செயலியின் கால அட்டவணை இணையமில்லாதபோது பழையதாக இருக்கலாம். பராமரிப்பு வேலைகள், நடைமேடை மாற்றம் எல்லாம் ஜெர்மன் ரயில்வேயின் நேவிகேட்டர், சுவிஸ் ரயில்வேயின் எஸ்பிபி செயலிகளில் உடனுக்குடன் வரும். ஆண்டுதோறும் டிசம்பர் நடுவில் ஐரோப்பா முழுக்க அட்டவணை மாறும். அதற்குப் பிந்தைய தேதிகளுக்கு இன்றைய நேரங்களை நம்பக் கூடாது.

நடைமேடையில் ரயில் நம்பரோடு பெட்டியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் ஊரையும் பாருங்கள். ஒரே ரயில் நடுவழியில் இரண்டாகப் பிரியும். பெர்லினிலிருந்து கொலோன் பக்கம் போகும் ஐசிஇ ரயில்கள் பல ஹாம் நிலையத்தில் பிரிந்து வேறு வேறு வழியில் போகின்றன. சரியான ரயில், தவறான பெட்டி என்று தூங்கிப்போனால் எழுந்திருக்கும்போது வேறு ஊர். ஐசிஇயில் ரிசர்வேஷன் இல்லாமல் ஏறினால் இருக்கைக்கு மேலேயுள்ள சிறு திரையைப் பாருங்கள். இரண்டு ஊர்ப் பெயர் இருந்தால் அந்த இரண்டுக்கும் நடுவில் இடம் வேறொருவருடையது. முதல் ஊர் வரும்வரை நீங்கள் உட்காரலாம். வெள்ளி, ஞாயிறு பிற்பகல்களில் மட்டும் ஐந்தாறு யூரோ கொடுத்து இடம் பிடித்துக்கொள்வது நல்லது.

ரயில் தாமதமாகி அடுத்த ரயிலைத் தவறவிட்டால் ரிசர்வேஷன் தேவையில்லாத அடுத்த ரயிலில் சும்மா ஏறுங்கள், செயலியில் அதைச் சேர்த்துவிட்டு. தவறியது ரிசர்வேஷன் ரயில் என்றால் முதலில் நிலையத் தகவல் கவுன்டருக்குப் போய்த் தாமதத்துக்கு அத்தாட்சி வாங்குங்கள். பெரும்பாலும் அடுத்த ரயிலில் இடம் தருவார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் பாஸ்காரர்களுக்கான இழப்பீட்டை யூரெயிலிடம் கேட்க வேண்டும். அதற்கு ரயில் எண், தேதி, வந்துசேர்ந்த உண்மை நேரம் மூன்றும் வேண்டும், அறிவிப்புப் பலகையை ஒரு படம் எடுத்து வையுங்கள். ரிசர்வேஷன் கட்டணத்தைத் திரும்பக் கேட்பது மட்டும் அதை விற்றவரிடம்.